கரித்தாளில் ஒரு குரல்

2008ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் உலக நாளேடுகள் வியப்புக்குரிய ஒரு செய்தியை வெளியிட்டன. 1860 ஏப்ரல் 9ஆம் நாள் பாரிஸ் நகரில் பதிவான மனிதக் குரல் ஒன்றை அமெரிக்க ஆய்வாளர் சிலர் கேட்கச் செய்துவிட்டார்கள் என்பதே அது. எடிசன் தம் ஃபோனோகிராஃபை உருவாக்கியது 1877இல். அதற்கும் பதினேழு ஆண்டுகள் முந்திய குரல் இது. 'ஓ க்ளேர் த லா லூன்' என்னும் பிரெஞ்சு நாட்டுப்பாடலின் ஒரு துணுக்கு, பத்து விநாடி அளவே. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற அந்தக் கலங்கிய ஓசையைக் கேட்டோர் அனைவரும் ஒரு சிறுமியோ இளம்பெண்ணோ பாடுவதாகவே உணர்ந்தனர். யார் அந்தப் பெண், பதிவு செய்தவரின் மகளோ என்றெல்லாம் ஊகங்கள் எழுந்தன.

ஓராண்டு கழிந்தது. 2009இல் அதே ஆய்வாளர்கள் தம் முடிவைத் தாமே திருத்திக்கொண்டார்கள். பாடியது பெண் அன்று. பதிவை இருமடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டோம், வேகத்தைப் பாதியாக்கினால் கேட்பது ஓர் ஆடவரின் குரல் என்றார்கள். நாற்பத்திரண்டு வயது ஆண் ஒருவர், பெரும்பாலும் அக்கருவியைக் கண்டுபிடித்தவரே, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகப் பாடியிருக்கிறார்.

இச்செய்தியைப் படித்தபோது நமக்குச் சுவடிகளின் நினைவு வந்தது. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருப்பதில்லை. எகர ஒகரங்களில் குறிலையும் நெடிலையும் வேறுபடுத்தும் குறியும் இருப்பதில்லை. ஏட்டில் இருப்பது ஒரே கீறல்தான். அதை எவ்வாறு படிப்பது என்பது படிப்பவரின் அறிவைப் பொறுத்தது. ஒலிக்கும் இதே நிலை உண்டு என்பதை அந்தப் பாரிஸ் குரல் காட்டியது. பழைய ஒலிப்பதிவை மீட்கும் வேலையைப் பொதுவாகத் தூசு தட்டும் வேலையாக நினைக்கிறோம். உண்மையில் அது பதிப்பு வேலை. பதிப்பாசிரியருக்கு உரிய அத்தனை பொறுப்பும் பழியும் அதற்கு உண்டு. அதனை விளக்கவே இக்கட்டுரை.

படிப்பதற்கென்று பதிந்த குரல்

எட்வார்-லியோன் ஸ்கோட் தெ மார்த்தான்வீல் (1817–1879) அறிவியலாளர் அல்லர். பாரிஸில் அச்சுத் தொழிலிலும் புத்தக விற்பனையிலும் காலம் கழித்தவர். உடலியல் நூல் ஒன்றுக்கு மெய்ப்புத் திருத்துகையில் காதின் அமைப்பை விளக்கும் பகுதி அவர் கருத்தைக் கவர்ந்தது. ஒளியைத் தாளில் பிடித்துவைக்க நிழற்படக் கலை வந்துவிட்ட காலம் அது. ஒலியையும் அவ்வாறே தாளில் விழச்செய்தால் என்ன என்பது அவருக்குத் தோன்றிய எண்ணம். 1857 மார்ச் 25இல் 'ஃபோனாட்டோகிராஃப்' என்னும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

கருவி எளிமையானது. பீப்பாய் போன்ற ஒரு வாய். அதன் மறுமுனையில் செவிப்பறை போல இழுத்துக் கட்டிய மெல்லிய சவ்வு. சவ்வில் ஒட்டிய ஒரு முள்மயிர். எதிரே ஓர் உருளை, அதன்மேல் விளக்குப் புகையில் காட்டிக் கரி படியவைத்த தாள். ஒருவர் வாயில் பேச, மற்றொரு கை உருளையைச் சுழற்ற, சவ்வின் நடுக்கத்தை முள்மயிர் கரியில் வெள்ளை நெளிகோடாகக் கீறிச்செல்லும்.

இந்தக் கோட்டைத் திரும்ப ஒலிக்கச்செய்யும் எண்ணம் ஸ்கோட்டுக்கு இருக்கவில்லை. பேச்சு தன்னைத் தானே எழுதிக்கொள்ளும் ஒரு சுருக்கெழுத்தாக அவர் அதைக் கருதினார். மக்கள் அந்த நெளிவுகளைப் பார்த்துப் படிக்கப் பழகுவார்கள், பெரும் நடிகர்களின், பாடகர்களின் குரல் தாளில் நிலைத்துவிடும் என்பதே அவர் கனவு. எடிசனின் புகழ் பரவியபோது, 1878இல் ஒரு நூல் வெளியிட்டு, தாம் முந்தியவர் என்பதை நிலைநாட்ட முயன்றார். ஒலியைத் திரும்பக் கேட்பதைவிட அதை எழுத்தாக்குவதே பெரிது என்ற கருத்தை அப்போதும் அவர் விடவில்லை. அடுத்த ஆண்டு மறைந்தார். அவருடைய கரித்தாள்கள் பாரிஸ் காப்புரிமை அலுவலகத்திலும் அறிவியல் கழகத்திலும் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் உறங்கின.

அவற்றைத் தேடிச் சென்றவர்கள் டேவிட் ஜியோவனோனி, பேட்ரிக் ஃபீஸ்டர் முதலியோர் அடங்கிய 'ஃபர்ஸ்ட் சவுண்ட்ஸ்' என்னும் சிறு குழுவினர். தாள்களை மிக நுண்ணிய படங்களாக எடுத்தனர். கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த கார்ல் ஹேபர், எர்ல் கார்னெல் ஆகியோர் அந்த நெளிகோடுகளைக் கணினியின் வழியாக ஒலியாக்கினர்.

இங்கேதான் சிக்கல். உருளையைச் சுழற்றியது மனிதக் கை. ஒரு சுற்று விரைவாகவும் மறு சுற்று மெதுவாகவும் ஓடியிருக்கும். கோட்டை அப்படியே ஒலித்தால் பாட்டு ஏறி இறங்கித் தள்ளாடும். நல்வாய்ப்பாக, ஸ்கோட் தம் 1860ஆம் ஆண்டுத் தாள்களில் குரலின் கோட்டுக்கு அருகிலேயே ஓர் இசைக்கவையின் அதிர்வையும் பதிந்துவைத்திருந்தார். இசைக்கவை மாறாத கதியில் அதிர்வது. அதன் அலைகள் எல்லாம் சம அளவில் அமையும்படி கோட்டை நீட்டியும் சுருக்கியும் சரிசெய்தால் குரலும் தானே சரியாகிவிடும். அளவுகோலை ஆசிரியரே ஏட்டின் ஓரத்தில் வரைந்துவைத்துவிட்டுப் போனது போன்ற பேறு இது.

ஆனால் அளவுகோலில் எத்தனை அங்குலம் என்பதில் பிழை நேர்ந்தது. அக்காலப் பிரெஞ்சு ஒலியியலார், அதிரும் பொருள் ஒரு பக்கம் சென்றால் ஓர் அதிர்வு, திரும்பி வந்தால் மற்றோர் அதிர்வு என்று எண்ணும் வழக்கம் உடையவர்கள். போய்த் திரும்புவது முழுவதையும் ஒன்றாக எண்ணுவது இன்றைய வழக்கம். 1859இல் பிரெஞ்சு அரசு இசைக்கு நிர்ணயித்த சுருதி அளவைக்கூட அவர்கள் 870 என்றார்கள். நம் கணக்கில் அது 435. இசைக்கவையின் எண்ணை இருமடங்காகக் கொண்டதனால் குரலும் இருமடங்கு வேகத்தில் ஓடியது. எண்ணும் முறை ஒன்று மாறியதும் ஆடவர் சிறுமி ஆகிவிட்டார்.

கேட்டவர்கள் எவரும் ஐயுறவில்லை என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது. குரல் தேய்ந்திருந்தது, இரைச்சல் மிகுந்திருந்தது. அந்த மங்கலில் காது தான் விரும்பியதை வரைந்துகொண்டது. தவற்றைக் கண்டதும் ஆய்வாளர்கள் அதை மறைக்கவில்லை. பழைய ஒலியையும் புதிய ஒலியையும் காரணத்தோடு பொதுவில் வைத்தார்கள். மூலத் தாளும் அதன் படமும் கைபடாமல் இருந்ததால்தான் இரண்டாவது வாசிப்பு இயன்றது. ஸ்கோட்டின் அந்தத் தாள்கள் 2015இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன.

சிதைவும் பாடபேதமும்

'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்பது நம் பேச்சில் பழமொழியாகவே ஆகிவிட்டது. ஆனால் ஒலிப்பதிவின் சிதைவுகள் எல்லாம் ஓரினத்தவை அல்ல. கீறலால் வரும் 'டக் டக்' ஓசை ஏட்டில் பூச்சி துளைத்த ஓட்டைக்கு ஒப்பானது. அவ்விடத்தில் ஒலி அறவே இல்லை. ஓட்டை மிகச் சிறிதாயின் இருபுறமும் உள்ள அலையின் போக்கைக் கண்டு கணினி இடையை இட்டு நிரப்புகிறது. தொடர்ந்து கேட்கும் 'உஸ்' என்னும் இரைச்சல் வேறு. அது ஏடு முழுதும் பரவிய பழுப்பு. எழுத்துக்கு அடியிலும் அது உண்டு. மின்சாரத்தால் வரும் ரீங்காரம் ஒரே அதிர்வெண்ணில் நிற்பது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக வேகம் என்னும் சிக்கல் உள்ளது. 78 என்று நாம் அழைக்கும் இசைத்தட்டுகளில், குறிப்பாகப் பழையவற்றில், எல்லாமே நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. வேகம் மாறினால் சுருதி மாறும். ஒருவர் பாடிய கட்டையே மாறிவிடும். பின்னணியில் தம்புரா ஒலித்தாலும் பயனில்லை. குரலோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்குமே! ஸ்கோட்டின் தாளில் இருந்ததைப் போன்ற இசைக்கவை பெரும்பாலான தட்டுகளில் இல்லை.

பிராம்ஸ் என்னும் ஜெர்மானிய இசைமேதையின் பியானோ வாசிப்பு 1889 டிசம்பர் 2இல் வியன்னாவில் ஒரு மெழுகு உருளையில் பதிவானது. எடிசனின் ஆள் தியோ வாங்கெமான் பதிவு செய்தார். அவ்வுருளையின் படியைக் கேட்போருக்கு முதலில் கேட்பது இரைச்சல் மட்டுமே. இசையைவிட இரைச்சலின் வலிமை மிகுதி. 1990களில் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணித முறைகளைக் கொண்டு அதிலிருந்து பியானோவின் சுரங்களைப் பிரித்தெடுக்க முயன்றனர். வாசிப்புக்கு முன் ஒருவர் ஏதோ அறிவிக்கிறார். அது பிராம்ஸின் குரலே என்பார் சிலர். வாங்கெமானின் குரல் என்பார் சிலர். சொற்கள் யாவை என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. பாடபேதம் என்று நம் பதிப்பாசிரியர்கள் அடிக்குறிப்பில் காட்டுவார்களே, அதுவேதான் இது.

ஒருவரே செய்த இரண்டு வேலைகள்

தாமஸ் ஸ்டாக்ஹாம் என்னும் யூட்டா பல்கலைக்கழகப் பேராசிரியரின் பெயர் இவ்வரலாற்றில் இருமுறை வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது பயனுடையது.

முதலாவது 1974இல். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சனின் அலுவலக உரையாடல்கள் ஒலிநாடாவில் பதிவாகியிருந்தன. வாட்டர்கேட் அத்துமீறல் நடந்து மூன்று நாள் கழித்து, 1972 ஜூன் 20இல் பதிவான நாடாவில் பதினெட்டரை நிமிடம் பேச்சே இல்லை, வெறும் ரீங்காரம். கை தவறி அழிந்தது என்று ஒரு விளக்கம் தரப்பட்டது. ஆராய அமர்த்தப்பட்ட ஆறு வல்லுநருள் ஸ்டாக்ஹாமும் ஒருவர். அவர்கள் அந்த ரீங்காரத்தை நீக்க முற்படவில்லை. அதையே ஊன்றிப் படித்தார்கள். பதிவுக் கருவி நின்று நின்று இயங்கியபோது நாடாவில் விட்டுச்சென்ற காந்தத் தடயங்களை நுண்துகள் தூவிக் கண்டார்கள். குறைந்தது ஐந்து முறை தனித்தனியே அழிக்கப்பட்டிருக்கிறது என்பது அவர்கள் முடிவு. தவறுதலாக ஒருமுறை கால் பட்டது என்ற கதை அத்தோடு வலுவிழந்தது. உள்ளே புதைந்த பேச்சை மீட்க இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க தேசிய ஆவணக்காப்பகம் செய்த சோதனைகள் பலிக்கவில்லை; 2003இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஆக, அந்த நாடாவில் எஞ்சிய சாட்சி இரைச்சல் ஒன்றுதான்.

இரண்டாவது 1976இல். இத்தாலியப் பாடகர் என்ரிகோ கரூசோ 1902 முதல் 1920 வரை பாடிய பதிவுகள் அனைத்தும் மின்கருவிக்கு முந்தியவை. தகரக் குழலின் வாயில் பாடி ஊசியால் கீறியவை. குழலுக்கென்று ஒரு தன்மை உண்டு. சில சுரங்களை அது முழக்கும், சிலவற்றை விழுங்கும். குழலின் அந்தத் தன்மையைக் கண்டறிந்து கழிக்க ஸ்டாக்ஹாம் ஒரு வழி கண்டார். பிற்காலத்தில் நல்ல கருவியில் வேறொரு பாடகர் அதே பாட்டைப் பாடிய பதிவை எடுத்துக்கொண்டார். இரண்டின் சராசரி ஒலிப்பரவலையும் ஒப்பிட்டு, வேறுபாடு எல்லாம் குழலின் குறை எனக் கொண்டு நீக்கினார். ஆர்.சி.ஏ. நிறுவனம் வெளியிட்ட அத்தட்டு பழம்பதிவுகளைக் கணினியால் மீட்கும் முயற்சியில் ஒரு மைல்கல். குரல் தகரத்திலிருந்து வெளியே வந்தது என்று கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள்.

ஆயினும் ஒன்றை யோசிக்க வேண்டும். வேறுபாடு முழுவதும் குழலினுடையதா? இரண்டு தொண்டைகளுக்கு இடையே இயல்பாக உள்ள வேற்றுமையில் ஒரு சிறு பங்கும் அதனுடன் கழிந்திருக்குமே? ஓர் ஏட்டின் சிதைவை மற்றொரு குடும்பத்து ஏட்டைக்கொண்டு நிரப்பும்போது நேரும் அதே இடர் இது. ஸ்டாக்ஹாமைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அவர் தம் முறையை ஒளிவின்றி ஆய்வுக் கட்டுரையாக எழுதிவைத்தார். எதைக்கொண்டு திருத்தினார் என்பது நமக்குத் தெரிவதால்தான் இவ்வாறு ஐயுறவும் முடிகிறது.

நம் கையால் நேர்ந்தது

இதைப் பிறருக்கு மட்டும் சொல்வது முறையன்று. நாம் பணியாற்றும் கல்லூரியின் தமிழ்த்துறை அலமாரியில் ஒரு கேசட் இருந்தது. நமக்கு முன்னிருந்த ஆசிரியர் ஒருவர் கம்பராமாயணம் நடத்திய வகுப்பு, மாணவர் யாரோ பதிந்தது. மின்விசிறியின் இரைச்சலும் நாடாவின் இரைச்சலுமாகக் குரல் மங்கியிருந்தது. அதைக் கணினியில் ஏற்றி, இரைச்சல் நீக்கும் மென்பொருளில் இட்டு, அளவை மேலும் மேலும் கூட்டினோம். இறுதியில் கண்ணாடி போல் தெளிந்த குரல் கிடைத்தது. மகிழ்ந்து அக்கோப்பை மூலக் கோப்பின் பெயரிலேயே சேமித்தோம்.

சில மாதம் கழித்து அவரிடம் பயின்ற ஒருவருக்குப் போட்டுக் காட்டினோம். சற்று நேரம் கேட்டுவிட்டு, "குரல் அவருடையதுதான். ஆனால் மூச்சு விடவே இல்லையே!" என்றார். அப்போதுதான் நாமும் கவனித்தோம். அடி முடியுமிடத்தில் அவர் இழுக்கும் மூச்சு இரைச்சலோடு போயிருந்தது. 'காசு', 'பசி' போன்ற சொற்களில் சகரம் தேய்ந்து வெறும் காற்றாகியிருந்தது. பாடவேளை முடிந்ததற்கு அடித்த மணி தொலைவில் கேட்கும். அதற்குப் பின்னும் எவரும் எழாமல் வகுப்பு தொடரும். முதலில் கேட்டபோது நம் மனத்தில் தைத்த அந்த மணியோசையும் இல்லை. அவரைப் பற்றி நமக்குக் கிடைத்த பெரிய சான்று அந்த மணிதான். மீண்டும் கேசட்டை எடுத்து ஓட்டியபோது, பூஞ்சை பிடித்த நாடா ஒட்டிக்கொண்டு அறுந்தது. இன்று எஞ்சியிருப்பது நாம் தூய்மைப்படுத்திய கோப்பு மட்டுமே.

அடிப்படைக் காரணம் எளியது. சகரம், மூச்சு, சருகு, மழை ஆகிய இவை எல்லாம் ஒலியியல் கணக்கில் இரைச்சலுக்கு நெருங்கிய உறவினர்கள். எது நாடாவின் இரைச்சல், எது நாவின் ஓசை என்பது மென்பொருளுக்குத் தெரியாது. மொழி அறிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

பேசுவோர் இல்லாத மொழி

மொழி அறிந்தவரே இல்லையென்றால்? கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஹர்ஸ்ட் மானிடவியல் அருங்காட்சியகத்தில் சுமார் 2,700 மெழுகு உருளைகள் உள்ளன. இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளுக்குள், ஆல்ஃப்ரெட் குரோபர் முதலான அறிஞர்கள் அப்பகுதிப் பழங்குடி மக்களின் பாட்டையும் கதையையும் பதிந்தவை. அவற்றுள் பல மொழிகளுக்கு இன்று பிறப்பிலிருந்து பேசுவோர் எவரும் இல்லை. யாஹி இனத்தின் கடைசி மனிதராக 1911இல் வெளியுலகுக்கு வந்த இஷியின் குரலும் அவ்வாறே மெழுகில் பதிவானது. 1911க்கும் 1914க்கும் இடையே 148 உருளைகள். ஐந்தரை மணி நேரத்துக்கும் மேற்பட்ட பேச்சும் பாட்டும். 'இஷி' என்பது அவர் மொழியில் 'மனிதன்' என்று மட்டுமே பொருள்படும். தம் பெயரை அவர் யாருக்கும் சொல்லவில்லை. அது அவர் குலவழக்கம். 1916இல் அவர் மறைந்தார்.

மெழுகைப் பூஞ்சை தின்னும். ஊசியை வைத்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். கேட்பதே அழிப்பதாகும் நிலை. இதற்கு வழி கண்டவர் முன்னே நாம் குறித்த கார்ல் ஹேபர். அவர் அணுத்துகள் இயற்பியலர். துகள் உணரிகளை நுண்ணிதாக அளக்கும் ஒளியியல் முறையைக்கொண்டே இசைத்தட்டின் வரிகளையும் அளக்கலாம் என்று விடாலி ஃபடேயேவ் என்பவருடன் சேர்ந்து காட்டினார். சோதனைக்கு எடுத்த தட்டில் இருந்த பாட்டின் பெயரிலிருந்து அக்கருவிக்கு 'ஐரீன்' என்று பெயர் அமைந்தது. தட்டில் ஊசி பக்கவாட்டில் அசையும். உருளையில் மேலும் கீழும் அசையும். எனவே உருளைக்கு ஆழத்தையும் அளக்கும் முறை தேவைப்பட்டது. ஒளி மட்டுமே படுகிறது, மெழுகு தேய்வதில்லை. உடைந்த தட்டின் துண்டுகளைக்கூடப் படத்தில் இணைத்து ஒலிக்கச்செய்யலாம். 2010களில் பெர்க்லியின் உருளைகள் இம்முறையில் படமெடுக்கப்பட்டன.

ஆனால் இங்கே தூய்மைப்படுத்தும் கை எவ்வளவு நடுங்க வேண்டும்! பூஞ்சையின் சரசரப்பு எது, அந்த மொழிக்கே உரிய மெய்யொலி எது என்று கேட்டுச் சொல்ல ஒருவரும் இல்லை. ஆர்வமிக்க ஒருவர் அளவைச் சற்றே கூட்டினால் ஒரு மொழியின் எழுத்து ஒன்று உலகத்திலிருந்தே போய்விடும். அம்மக்களின் வழித்தோன்றல்கள் இந்தப் பதிவுகளைக் கேட்டுத் தம் முன்னோர் மொழியை மீண்டும் கற்க முயன்றுவரும் வேளையில், இது வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக இருக்க முடியாது. அவற்றுள் சில சடங்குக்குரியவை. யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது என்பதையும் அம்மக்களே சொல்ல வேண்டியிருக்கிறது.

விட்ட இடம் விட்டபடி

உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டியின் சாரம் இதுவே: முதலில் மூலத்தை எந்தத் திருத்தமும் இன்றி, இரைச்சலும் கீறலும் உட்பட, உயர்ந்த தரத்தில் படியெடு. அதைத் தொடாமல் பாதுகாத்து வை. தூய்மைப்படுத்துவது வேண்டுமாயின் வேறொரு படியில் செய்; என்ன செய்தாய் என்று எழுதி வை. இன்றைய மென்பொருள்கள் முன்னிருந்தவற்றைவிடப் பன்மடங்கு வல்லவை. குரலை மட்டும் தனியே பிரித்தெடுக்கின்றன. இல்லாத ஓசையைக்கூடப் பொருத்தமாகப் படைத்துத் தருகின்றன. ஆகவே இந்த நெறி இன்று முன்னிலும் மிகுதியாகத் தேவைப்படுகிறது. பழுதுபட்ட பதிவு தன் பழுதைத் தானே காட்டிவிடும். நன்கு நிரப்பப்பட்ட பதிவில் நிரப்பிய இடம் தெரியாது.

நம்மவர்க்கு இது புதிய பாடமாக இருக்க வேண்டியதில்லை. புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. நானூறு என்ற எண்ணைக் காக்க எவரும் புதிதாக இரண்டு எழுதிச் சேர்க்கவில்லை. எண்களை நகர்த்தி இடைவெளியை மூடவும் இல்லை. 1894இல் அந்நூலைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் சிதைந்த அடிகளில் புள்ளியிட்டு விட்டுச் சென்றார். இன்றும் அந்தப் புள்ளிகளை நாம் மாணவர்க்குக் காட்டுகிறோம்.

இந்திய மொழியியல் அளவாய்வின் பெயரால் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பதிந்த கிராமபோன் தட்டுகளில் தமிழ்க் குரல்களும் உண்டு. கிரியர்சனின் அளவாய்வு சென்னை மாகாணத்தை உள்ளடக்கவில்லை என்றாலும் தட்டுகளில் தமிழ் இடம்பெற்றது. கணினி வழியே அவற்றை இன்று கேட்கலாம். இரைச்சலோடுதான் கேட்கும். வாசகர்கள் அவ்வாறே, முதலில் இரைச்சலோடே கேட்க வேண்டுகிறோம். சில நிமிடங்களில் காது பழகிவிடும். குரல் தானே முன்வந்து நிற்கும். வீட்டில் தாத்தா பாட்டியின் குரல் பதிந்த கேசட் ஏதேனும் இருந்தால், அதைத் துடைக்கத் தொடங்கும் முன் ஒரு படி எடுத்து, வேறு பெயரில், வேறிடத்தில் வைத்துவிடுங்கள். நம் துறையின் அலமாரியில் அறுந்த நாடாவோடு அந்தக் கேசட் இன்னும் இருக்கிறது. எறிந்துவிட மனம் வரவில்லை.